புரையை எடுத்தோம், பார்வையைக் கொடுத்தோமா?

தென்மாவட்டத்துக் கண் மருத்துவமனை ஒன்றின் லென்ஸ் அறை. நான்கு மாதக் குழந்தையைக் கைகால் அசையாதபடி துண்டில் சுற்றி மேசைமேல் கிடத்தியிருக்கிறார்கள். தலையைப் பாட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். இளம்தாய் நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிய கையை இரண்டு முறை துடைத்தாயிற்று. இடது கட்டைவிரலால் குழந்தையின் மேலிமையைத் தூக்கி, வலது ஆட்காட்டி விரல் நுனியில் இருக்கும் லென்ஸை அந்த இமைக்கு அடியில் நுழைக்க வேண்டும். சட்டைப் பொத்தான் அகலம்தான் அது. அந்தச் சின்னக் கண்ணுக்குமுன் பிடிக்கும்போது சாப்பாட்டுத் தட்டுப் போலப் பெரிதாகத் தெரிகிறது. குழந்தை வீறிடுகிறது. லென்ஸ் நழுவிக் கன்னத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கான திரவத்தில் கழுவி மறுபடி, மறுபடி. நான்காவது முறை உள்ளே போய் உட்கார்ந்ததும், பக்கத்தில் நின்ற ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் டார்ச் அடித்துப் பார்க்கிறார். "சரியா உக்காந்துருச்சும்மா. இனி வீட்லயும் நீங்கதான்" என்கிறார். தாயின் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை. சில வாரங்களுக்கு முன்தான் அறுவை செய்து எடுத்தார்கள். புரை என்றால் கண்ணை வெளியிலிருந்து மூடும் சவ்வு என்று பலர் நினைக்கிறோம். கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸே வெளுத்துப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும், ஆனால் விழித்திரையில் உருவம் தெளிவாக விழாது. பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக 17 மில்லிமீட்டர் நீளம்தான். வளர்ந்தவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டர். அவ்வளவு குட்டையான கண்ணில் லென்ஸும் இல்லையென்றால் ஈடுகட்டக் கூட்டல் 30க்குப் பக்கத்தில் பவர் வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் பேப்பர் படிக்க நாம் வாங்கும் கண்ணாடி கூட்டல் 2 தான்.

காண்டாக்ட் லென்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண ஆல்பமும் கண்ணாடி போடப் பிடிக்காத கல்லூரிப் பெண்ணும்தான். அதனால்தான் கைக்குழந்தைக்கு லென்ஸ் எழுதிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் "இதெல்லாம் எதுக்கு, வளரட்டும் பார்த்துக்கலாம்" என்கிறோம். காப்பீட்டு அலுவலகமும் அதே கண்ணோடு பார்க்கிறது. இந்தக் குழந்தைக்கு அந்த லென்ஸ் அலங்காரப் பொருளே இல்லை. எடுத்த உறுப்புக்குப் பதிலாக வைக்கும் உறுப்பு அது. புரையை இலவசமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பும் லென்ஸை மட்டும் குடும்பத்தின் தலையில் கட்டுவது அநீதி. நம் பொதுச் சுகாதாரம் செய்துகொண்டிருக்கும் இந்தத் தவறைத் தவறென்றே சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

ஏன் வளரும்வரை காத்திருக்க முடியாது? கண் ஒரு கருவி மட்டும்தான், பார்ப்பது மூளை. பார்க்கக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு காலம் உண்டு, அது தாண்டினால் திரும்பாது. டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடித் தைத்துவைத்துப் பார்த்தார்கள். சில வாரம் கழித்துத் திறந்தபோது கண்ணில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஆராய்ச்சிதான் இன்று குழந்தைக் கண் மருத்துவத்தின் அடித்தளம். ஒரு கண்ணில் அடர்த்தியான பிறவிப் புரை இருந்தால் பிறந்த ஆறு வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். எடுத்த பிறகு லென்ஸ் இல்லாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் அதே கணக்கில்தான் சேரும். அறுவைக்கு அவசரம் காட்டிய நாம் லென்ஸுக்கு நிதானம் காட்டினால் அந்த அவசரத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

கண்ணாடி போடலாமே என்பது நியாயமான கேள்வி. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த குழந்தைக்குத் தடித்த கண்ணாடி நல்ல வழிதான். மூக்குப் பாலம்கூடச் சரியாக உருவாகாத முகத்தில் எலாஸ்டிக் பட்டை கட்டி அதைப் போட்டு வளர்த்து ஆளாக்கிய தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிக்கல் ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு. அவ்வளவு பவர் உள்ள கண்ணாடி உருவத்தை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் அம்மா முகம் இயல்பான அளவில், இன்னொரு கண்ணில் பெரிதாக. மூளை இரண்டையும் சேர்க்காது, ஒன்றைத் தள்ளிவிடும். கருவிழியின் மேலேயே உட்காரும் லென்ஸில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கைக்குழந்தைக்கு லென்ஸ் எழுதும்போது தூரப் பார்வைக்குக் கணக்குப் போடுவதில்லை. இரண்டு, மூன்று பவர் வேண்டுமென்றே கூட்டி எழுதுவார்கள். ஏனென்றால் அந்த வயதில் உலகம் ஒரு கை நீளம்தான்: பால் கொடுக்கும் முகம், தொட்டில் விளிம்பு, அதில் கட்டிய கிலுகிலுப்பை. நடக்கத் தொடங்கிய பிறகுதான் தூரம் வேண்டியிருக்கும். அதற்குள் கண்ணும் வளர்ந்து பவர் மளமளவென்று குறையும். லென்ஸை மாற்றிக்கொண்டே வர வேண்டும். காண்டாக்ட் லென்ஸின் பெரிய வசதி இது. மாற்றலாம்.

பெரியவர்களுக்கு வைப்பதுபோல அறுவையின்போதே கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவில் ஸ்காட் லாம்பெர்ட் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த, ஏழு மாதம் நிரம்பாத 114 குழந்தைகளை, 2004க்கும் 2009க்கும் இடையில் 12 மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உள்ளே லென்ஸ், பாதிப் பேருக்கு வெளியே காண்டாக்ட் லென்ஸ். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. நாலரை வயதில் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பார்வையின் இடைநிலை அளவு ஒன்றேதான். பத்தரை வயதிலும் அப்படியே. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்த குழந்தைகளில் 72 சதவீதம் பேருக்கு நாலரை வயதுக்குள் கண்ணுக்குள் இன்னொரு அறுவை தேவைப்பட்டது. காண்டாக்ட் லென்ஸ் குழுவில் அது 21 சதவீதம். ஆகவே ஏழு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காண்டாக்ட் லென்ஸே போடுங்கள் என்று ஆய்வுக் குழு முடிவு சொன்னது.

அந்த முடிவோடு ஒரு விதிவிலக்கும் சேர்ந்தே வந்தது. லென்ஸின் செலவும் பராமரிப்பும் குடும்பத்தால் தாங்க முடியாத பாரமாகி, குழந்தை நீண்ட நாள் லென்ஸே இல்லாமல் இருந்துவிடும் என்று அறுவை மருத்துவருக்குத் தோன்றினால், அப்போது உள்ளேயே வைத்துவிடலாம் என்றார்கள். அதாவது எந்தச் சிகிச்சை என்பதைக் கண்ணின் நிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, அப்பாவின் சம்பளமும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவிலேயே இப்படி எழுத வேண்டியிருக்கிறது என்றால், கட்டட வேலைக்குப் போகும் தாய் தகப்பனின் குழந்தை எங்கே நிற்கும்?

அதே ஆய்வின் செலவுக் கணக்கு 2015இல் வெளிவந்தது. ஐந்தாண்டு மொத்தச் சிகிச்சைச் செலவு உள்ளே லென்ஸ் வைத்த குழந்தைக்கு 27,090 டாலர், காண்டாக்ட் லென்ஸ் குழந்தைக்கு 25,331 டாலர். மொத்தத்தில் பார்த்தால் காண்டாக்ட் லென்ஸே சற்று மலிவு. ஆனால் லென்ஸ், கண்ணாடி, நல்ல கண்ணை மூடும் பேட்ச் போன்ற பொருள்களின் செலவை மட்டும் பிரித்துப் பார்த்தால் உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு 3,204 டாலர், காண்டாக்ட் லென்ஸ்காரர்களுக்கு 7,728 டாலர். அறுவை அரங்கின் செலவை மருத்துவமனையோ அரசோ ஏற்கிற நம் நாட்டில், இந்தப் பொருள் செலவுதான் குடும்பத்தின் மடியைப் பிடிக்கிறது. சமூகத்துக்கு மலிவாக இருக்கும் வழி ஏழைத் தாய்க்கு மட்டும் விலை கூடியதாக இருப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு நமக்குக் கிடைக்காது.

"இந்தக் குடும்பத்தால் லென்ஸைத் தொடர முடியாது" என்று கணித்து, உள்ளேயே லென்ஸ் வைக்கும் மருத்துவரைக் குறை சொல்வது நம் நோக்கமில்லை. அவர் அந்தக் குழந்தையை நினைத்தே செய்கிறார். அதற்கு ஆதாரமும் உண்டு. இரண்டு கண்ணிலும் புரை உள்ள, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அகமதாபாத்தில் அபய் வசாவடாவின் குழு ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கைகளில் உள்விழி லென்ஸ் வைப்பதால் கண் அழுத்த நோய் பெரிதாகக் கூடவில்லை என்று தெரிந்தது. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு உள்ளே லென்ஸ் வைப்பது இன்று வழக்கமும்கூட. மருத்துவரின் தேர்வு மருத்துவக் காரணத்தால் நடக்கட்டும். பணம் அந்த அறைக்குள் வந்து அவர் கையைப் பிடிப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

அதே லென்ஸ் அறையில் அன்று இன்னொரு தாயும் இருந்தார். அவர் மகளுக்கு ஒன்றரை வயது. அறுவை முடிந்து லென்ஸ் போட்டு, மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் இடையில் ஐந்து மாதம் காணவில்லை. இப்போது வந்திருக்கிறார். குழந்தையின் இடது கண் வெளிப்பக்கம் விலகி நிற்கிறது. வலது கண்ணைக் கையால் மறைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "லென்ஸு தொலைஞ்சிருச்சு மேடம். தலைக்கு ஊத்தி விடும்போது எங்கிட்டோ போயிருச்சு. ஏற்கெனவே ஒண்ணு தொலைச்சதுக்கே வீட்டுல பேச்சு வாங்கியாச்சு. இங்க வந்தா நீங்களும் திட்டுவீங்கன்னுதான்…"

கைக்குழந்தைகள் கண்ணைத் தேய்க்கும், லென்ஸ் விழும், தொலையும். இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். சிலிக்கோனில் செய்த குழந்தை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். ஒரு லென்ஸ் தொலைவதும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு தொலைவதும் அந்த வீட்டுக்கு ஒன்று. தொலைத்தவள் தாய் என்பதால் பழியும் அவளுக்கே. அந்த ஐந்து மாதத்தை இனி எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது. இதில் குற்றவாளி யார் என்று கேட்டால், அந்தத் தாயை நோக்கி ஒரு விரல்கூட நீளக் கூடாது. மாற்று லென்ஸ் ஒன்றை அலமாரியில் வைத்திருக்காத மருத்துவ ஏற்பாடும், அதற்குப் பணம் ஒதுக்காத திட்டமும்தான் பதில் சொல்ல வேண்டும். வராத குழந்தையின் வீட்டுக்கு ஒரு போன் போட ஆள் வைக்காததும் அதே குற்றத்தில் சேரும். காசநோய் மருந்து வாங்க வராதவரைத் தேடிப் போகிற நாடு இது. லென்ஸுக்கு வராத குழந்தையைத் தேடிப் போக முடியாதா?

வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் "பூ விழுந்திருக்கு" என்று தாய்ப்பால் பீய்ச்சுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் இன்னும் நிற்கவில்லை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிற வீடுகள் உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று மருமகளைக் குத்திக்காட்டுகிற வீடுகளும் உண்டு. லென்ஸ் போட்ட பிறகும் திருஷ்டிக்குக் கண்மை தீட்டி, அந்த மை லென்ஸில் படிந்து கண் சிவந்து வருகிற குழந்தைகளை ஆப்டோமெட்ரிஸ்டுகள் பார்த்தபடிதான் இருக்கிறார்கள். மை வேண்டுமானால் கன்னத்தில் பொட்டாக வையுங்கள், பாதத்தில் வையுங்கள். கண்ணை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அப்பாக்கள். அந்த அறையில் லென்ஸ் போடக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் பெண்கள். அப்பா வெளியே பைக்குப் பக்கத்தில் நிற்கிறார், அல்லது வேலைக்குப் போயிருக்கிறார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் லென்ஸைக் கழற்ற யாருக்கும் தெரியாது. ஆணின் விரலுக்கு இது வராது என்பது வெறும் சாக்கு. குழந்தை தூங்கும்போதோ பால் குடித்து மயங்கிக் கிடக்கும்போதோ எளிதாகப் போட்டுவிடலாம் என்பதைப் பழகியவர்கள் சொல்வார்கள். கற்றுக்கொள்ளாத தகப்பன் தன் கடமையில் பாதியை மனைவிமேல் இறக்கி வைத்திருக்கிறார். இதை நாம் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

கிருமித்தொற்று வராதா என்ற பயத்தை மட்டும் யாரும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. வரும். லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் புண் வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது. குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கும் அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரி லென்ஸின் அடியில் புகுந்தால் பார்வையையே பறித்துவிடும். 2006இல் ஒரு பெரிய நிறுவனத்தின் லென்ஸ் திரவத்தைப் பயன்படுத்தியவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வந்து, அந்தத் திரவத்தை உலகம் முழுதும் திரும்பப் பெற நேர்ந்தது. குழந்தைகளுக்கான சிலிக்கோன் லென்ஸ் ஆக்சிஜனைத் தாராளமாக விடும் என்பதால் அதைப் பல நாள் தொடர்ந்து போட அனுமதிக்கிறார்கள். அதுவும் மருத்துவர் சொன்ன கணக்குப்படி மட்டும்தான். கண் சிவந்தால், வெளிச்சம் பார்த்துக் கூசினால், புளிச்சை தள்ளினால், முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது. அடுத்த வேலை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவது. நிபந்தனை சொல்லி, கை பிடித்துப் பழக்கி, சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு போன் எண்ணும் கொடுத்து அனுப்பினால்தான் லென்ஸ் எழுதிக்கொடுப்பது சிகிச்சையாகும். சீட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பது ஆபத்தைக் கொடுப்பதற்குச் சமம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பலன் உறுதியா? உண்மையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆய்வில் இரண்டு குழுவிலும் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு அந்தக் கண்ணின் பார்வை நாலரை வயதில் 6/60 அல்லது அதற்கும் கீழேதான் இருந்தது. ஆனால் காண்டாக்ட் லென்ஸ் குழுவில் 23 சதவீதம் பேர் 6/9.6 அல்லது அதைவிட நல்ல அளவைத் தொட்டார்கள். பிறவிப் புரை எடுத்த ஒற்றைக் கண்ணுக்கு அது பெரிய வெற்றி. அதற்குத் தினமும் நல்ல கண்ணைப் பேட்ச் ஒட்டி மூட வேண்டும்: எட்டு மாதம்வரை வயது எத்தனை மாதமோ நாளுக்கு அத்தனை மணி நேரம், பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. அழுகிற குழந்தையின் நல்ல கண்ணை ஒட்டிவிட்டு, தெரியாத கண்ணோடு தவழவிடுவது எந்தத் தாய்க்கும் லேசில்லை. நூற்றுக்கு நூறு பலன் இல்லையே, இன்னொரு கண்தான் இருக்கிறதே என்று திட்டம் போடுபவர்கள் சொல்லக்கூடும். தங்கள் குழந்தைக்கு அவர்கள் அப்படிச் சொல்வார்களா? ஒரு கண்ணோடு வாழ்கிறவருக்கு அந்த ஒன்றில் ஒரு கல் தெறித்தால் என்ன ஆகும் என்பதை நெல் அடிக்கிற, கல் உடைக்கிற, வெல்டிங் பிடிக்கிற ஊர்களில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் கதை வேறு, ஆனால் அதிலும் இதே அலட்சியம்தான். ஒவ்வாமையால் கண் அரித்து, கசக்கிக் கசக்கியே கருவிழி மெலிந்து கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் பன்னிரண்டு, பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் கரும்பலகை தெளியாது. வாத்தியார் கண்ணுக்கு அவன் மந்தமான மாணவன். வளைவுக்கு ஏற்ப அளவெடுத்துச் செய்த கெட்டி லென்ஸைப் போட்ட அன்றே கடைசி வரி படிப்பான். சின்னப் பிள்ளைகளால் லென்ஸைப் பராமரிக்க முடியாது என்ற வாதமும் நிற்காது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் பதின்வயதினரையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து முடிக்க மொத்தத்தில் 15 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. கால்மணி நேரம் ஒதுக்க மனமில்லாததை வயதின்மேல் போடக் கூடாது.

இதே லென்ஸ் எங்கே தாராளமாகக் கிடைக்கிறது என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. கண் பரிசோதனையும் இல்லை, சீட்டும் இல்லை, நீலமும் பச்சையுமாகக் கலர் லென்ஸ்களை ஆன்லைனிலும் அழகுப் பொருள் கடைகளிலும் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப் போடுகிறார்கள். தோழிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அதை விற்பவர்கள் செய்வது வியாபாரம் என்ற பெயரில் தீங்கு, கடுமையாகத் தடுக்க வேண்டிய தீங்கு. கிட்டப்பார்வை கூடுவதைக் குறைக்கும் சிறப்பு லென்ஸ்கள் வேறு வகை. 2019இல் அமெரிக்க அரசு எட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் தொடங்கலாம் என்று ஒப்புதல் தந்த லென்ஸுக்கு மெய்யான பலன் இருக்கிறது. தேவையுள்ள பிள்ளைக்குக் கொடுக்கட்டும். ஆனால் தைவான் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் செய்து பெற்ற பலனுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் பயம் காட்டி லென்ஸ் விற்பது மருத்துவ நெறி ஆகாது.

பிறவிப் புரையில் ஒரு பகுதியை வராமலே தடுக்கவும் முடியும். 1990களில் மதுரையில் நடந்த ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் புரையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ருபெல்லாவால் வந்தது என்று கண்டார்கள். சாதாரணக் காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோகும் ருபெல்லா, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண்ணைத் தாக்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் பிறக்காத குழந்தைகளின் கண்ணில் கைவைத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இனி அரசுக்கு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம்முடையது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிப் புரை, கண்டறிய வேண்டிய குறைகளில் ஒன்றாகப் பெயரோடு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கவும் நமக்குத் தெரியும். கட்டமைப்பு இல்லை என்று சொல்ல இடமில்லாத மாநிலம் இது. ஆகவே நாம் கேட்பது புதுமையானது ஒன்றுமில்லை. பிறவிப் புரை அறுவைக்கான காப்பீட்டுத் தொகையில், குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை வேண்டிய எல்லாக் காண்டாக்ட் லென்ஸும், தொலைந்ததற்கு மாற்று லென்ஸும், பேட்சும் சேர்ந்தே இருக்க வேண்டும். தனி விண்ணப்பம், தனி ஒப்புதல் என்று இழுக்கக் கூடாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குழந்தைக்கு லென்ஸ் பொருத்தப் பயின்ற ஓர் ஆப்டோமெட்ரிஸ்டாவது நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் எந்தக் குழந்தையின் கண்ணிலும் ஒருமுறை ஒளி அடித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. அதற்கு ஒரு நிமிடம் போதும்.

விலை என்று கை விரிப்பவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. உள்விழி லென்ஸ் இறக்குமதிப் பொருளாக, ஏழைக்கு எட்டாததாக இருந்த காலத்தில், அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் அதை இங்கேயே செய்யத் தொடங்கி, விலையை ஒரு சிறு பங்காக இறக்கியது. இலட்சக்கணக்கான முதியவர்கள் அந்த லென்ஸோடுதான் இன்று பேப்பர் படிக்கிறார்கள். குழந்தை லென்ஸுக்கு வாங்குவோர் எண்ணிக்கை குறைவு, லாபம் வராது என்பது உண்மைதான். லாபம் வராத இடத்தில்தான் அரசு வாங்குபவராக முன்வந்து நிற்க வேண்டும். மாநிலம் ஆண்டுக்கு இத்தனை லென்ஸ் எடுத்துக்கொள்ளும் என்று உறுதி சொன்னால் செய்து கொடுக்க நம்மிடம் கைகள் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தாலும், போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலும், நல்ல நாள் பார்க்காமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். லென்ஸ் எழுதிக்கொடுத்தால் பயப்படாதீர்கள். இரண்டு பேராகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால் தொலைந்துவிட்டது என்று அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வாங்கப் பணம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் உங்களுக்கு எந்த வெட்கமும் வேண்டாம்.